புகை காட்டாத புட்டி

நான் வேலை பார்க்கும் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில், கைகழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் மர அலமாரியில் பழுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. கண்ணாடியாலேயே ஆன மூடி. 'அம்மோனியா' என்று என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். செய்முறை வகுப்பு உள்ள நாட்களில், மாணவிகள் படியேறி வருவதற்கு முன்பே நான் அந்தப் புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோவேன். சுரீரென்று ஏறும். கண்ணில் நீர் முட்டும். அதன் பிறகுதான் எனக்கு நிம்மதி. எந்தப் புட்டியையும் நேரே முகரக் கூடாது, கையால் விசிறித்தான் வாடை பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். அப்படியிருந்தும் நான் செய்வது இதுதான். ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்ட ஒரு மாணவி பார்த்துவிட்டு, "மிஸ் அழுவுறாங்கடி" என்று பின்னால் வந்தவளிடம் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் அமில குளோரைடுகள் வருகின்றன. பெரிய பகுதி இல்லை. கார்பாக்சிலிக் அமிலத்தில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளோரினை வைத்தால் கிடைப்பது அமில குளோரைடு. அதற்குப் பல வழிகள் உண்டு. தயோனைல் குளோரைடைச் சேர்ப்பதே சிறந்த வழி. ஏன் சிறந்த வழி என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. உடன் விளைவனவான சல்ஃபர் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் வாயுக்கள், ஆகவே அவை எளிதில் வெளியேறிவிடுகின்றன, தூய விளைபொருள் கிடைக்கிறது என்று எழுத வேண்டும். மாணவிகள் இந்த வரியை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒப்பித்தவள்தான். வெளியேறி எங்கே போகின்றன என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான்கைந்து வருடங்களுக்கு முன், காரைக்காலில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில், அந்த வாயுக்களை வெளியேற்றுவதுதான் என் அன்றாட வேலையாக இருந்தது. எம்.எஸ்ஸி. முடித்துத் திருமணமாகி, பக்கத்து ஊரான குரும்பகரத்துக்கு வந்திருந்தேன். ஆராய்ச்சிக்கான உதவித்தொகை கிடைத்திருந்தது. ஒவ்வோர் அமிலமாக எடுத்து, அதை அமில குளோரைடாக மாற்றி, அதை ஓர் அமினோடு சேர்த்து அமைடாக்கி, அந்த அமைடு நுண்ணுயிரிகளை வளரவிடாமல் தடுக்கிறதா என்று பார்ப்பது என் ஆய்வு. கேட்பதற்கு எளிது. ஆனால் அமில குளோரைடு ஓரிடத்தில் சும்மா இருக்கும் பொருள் அல்ல. தண்ணீரைக் கண்டால் பழையபடி அமிலமாகிவிடும். ஆல்கஹாலைக் கண்டால் எஸ்டர். காற்றின் ஈரம் போதும், புட்டியைத் திறந்தவுடனே புகையத் தொடங்கும். கடற்கரை ஊரில், ஐப்பசி மழையில், குடத்து உப்பே கசியும் காற்றில் அதைத் தயாரிப்பது எப்படி என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் கைகொடுத்தவர் ஆய்வக உதவியாளராக இருந்த அக்காதான்.

அக்கா கடலோரத்து மீனவர் குடும்பம். கணவர் படகுக்குப் போகிறவர். எங்கள் வேதியியல் துறையில் அக்கா பதினோரு வருடமாக ஒப்பந்த வேலையில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் கையெழுத்துக்காகக் காத்திருந்து புதுப்பித்துக்கொள்ளும் வேலை. சாவிகளை நைலான் கயிற்றில் கோத்து இடுப்பில் செருகியிருப்பார். அவர் வருவதற்கு முன் அந்தச் சத்தம் வரும். கண்ணாடிக் குடுவைகளை இரவு முழுதும் சூட்டு அடுப்பில் காயவைத்து, காலையில் ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி என் கையில் கொடுப்பார். சூடு ஆறுவதற்குள் கோத்துவிட வேண்டும், ஆறினால் ஈரம் ஏறிவிடும் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. தயோனைல் குளோரைடுக்கு அவர் வைத்த பெயர் கோவக்காரி. "கோவக்காரிய எழுப்பிட்டியா பாப்பா? கொஞ்சம் ஈரம் பட்டா எங்க நாத்தனா மாதிரியில்ல சீறுது" என்பார். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது நான் பாப்பா. யாராவது வந்துவிட்டால் மேடம்.

எங்கள் வேலைமுறையில் ஒரு வழக்கம் இருந்தது. புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வினையை நடத்துவோம். ஆனால் அதன் மின்விசிறி பழையது. மழை நாளில் சரியாக இழுக்காது. அதனால் குடுவை, அதன் மேல் குளிர்விக்கும் குழாய், அதன் மேல் கால்சியம் குளோரைடு அடைத்த குழாய், அங்கிருந்து காரக் கரைசலுக்குப் போகும் ரப்பர் குழாய் என எல்லாவற்றையும் கோத்து, சூடேற்றத் தொடங்கிய சற்று நேரத்தில், கசிவு இருக்கிறதா என்று பார்ப்போம். அம்மோனியாப் புட்டியின் மூடியைக் கழற்றி அதன் நனைந்த நுனியை ஒவ்வொரு மூட்டுக்கும் அருகே கொண்டுபோக வேண்டும். ஹைட்ரஜன் குளோரைடு துளி கசிந்தாலும் அம்மோனியாவோடு சேர்ந்து வெண்புகை எழும். புகை எழுந்தால் அந்த மூட்டில் கசிவு. எழாவிட்டால் கிட்டே போகலாம். இதை அக்காதான் செய்வார். ஒவ்வொரு மூட்டாகக் காட்டி முடித்துவிட்டுத் திரும்பி, "புகையில்ல, வா பாப்பா" என்பார். அந்தச் சொல் கேட்காமல் நான் ஓர் அடி முன்னே வைத்ததில்லை.

அந்த ஆண்டுதான் நான் கருவுற்றேன். மூன்று மாதம் முடியும்வரை வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்றார் என் மாமியார். அது எனக்கும் வசதியாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். துறைத்தலைவருக்குத் தெரிந்தால் ஆய்வகத்துக்குள் விடமாட்டார். இன்னும் நான்கு சேர்மங்கள்தான் பாக்கி. தயாரித்து முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர், உனக்குத் தெரியாததா என்றார். எனக்குத் தெரியும்தான். படித்தவள் என்பதால் என்மீது எல்லோரும் வைத்த நம்பிக்கையை நானும் என்மீது வைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. புகை பார்க்க அவர் அம்மோனியாப் புட்டியைத் திறந்தால் போதும், எனக்குக் குடல் புரண்டு வரும். தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், என் முதுகைத் தடவியபடி, "எத்தன நாளு தள்ளியிருக்கு?" என்று கேட்டார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். "நான் ஏன் சொல்றேன்" என்றார். அன்றோ அடுத்த நாளோ, இந்த வாடைதான் அக்கா ஆகவே மாட்டேன் என்கிறது, இது மட்டும் இல்லாவிட்டால் தாங்கிவிடுவேன் என்று நான் சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருடமாக எத்தனையோ முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதையாவது செய்யச் சொல்லிக் கேட்பது போல அதில் ஏதாவது இருந்ததா?

அதற்குப் பிறகு குமட்டல் குறைந்தது. மசக்கை அடங்குகிறது என்று நினைத்தேன். அக்கா என்னைச் சன்னலோரம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, புட்டியைத் திறந்து மூட்டு மூட்டாகக் காட்டிவிட்டு, வழக்கம் போல் அழைப்பார். எனக்கு அம்மோனியா வாடை எட்டவே இல்லை. அறையின் ஒரு மூலையில் திறந்தால் மறு மூலையில் நிற்பவரின் கண் கரிக்கும் என்று படித்த நான், அது எட்டாததற்கு நன்றியோடு இருந்தேன்.

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு நாள். பென்சாயிக் அமிலத்தை பென்சாயில் குளோரைடாக மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து காட்டினார், புகையில்லை என்றார். நான் போய்க் குனிந்து வெப்பமானியைப் பார்த்தேன். மூச்சை உள்ளே இழுத்த அந்த நொடியில் தொண்டையில் நெருப்பு விழுந்தது போல இருந்தது. கண் திறக்க முடியவில்லை. இருமல் நிற்கவில்லை. சூட்டை நிறுத்தியதும், என்னை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியதும், மழைத்தண்ணீரிலேயே என் முகத்தைக் கழுவியதும் அக்காதான். என் கை இரண்டும் வயிற்றின் மேல் இருந்தன. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் துடிப்பை என் காதில் கேட்கவைத்தார்கள். தொண்டை ஆறிவிடும், பயப்பட வேண்டாம் என்று அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். எந்த மூட்டில் கசிந்தது, எப்படிப் புகை காட்டாமல் போனது என்பது தெரியாமல் எனக்கு உறக்கம் வரவில்லை. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியைக் கொஞ்சமாகத் திறந்து, அதன் வாயருகே அம்மோனியாப் புட்டியின் மூடியைக் கொண்டுபோனேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் சோதனை. மேகம் போல வெண்புகை வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. மறுபடி நனைத்துக் காட்டினேன். இல்லை. புட்டியை மூக்கருகே கொண்டுபோனேன். வாடையே இல்லை. சிவப்பு லிட்மஸ் தாளை விட்டேன். நீலமாகவில்லை, சிவப்பாகவே இருந்தது. தண்ணீர்.

சாவிச் சத்தம் கேட்டது. அக்கா வாசலில் நின்றார். என் கையில் இருந்த புட்டியைப் பார்த்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"நீ ஒவ்வொரு தடவையும் கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தியெடுக்குற. என்னால பாக்க முடியல பாப்பா. கசிஞ்சா எனக்குத் தெரியாதா? நான்தானே மொதல்ல கிட்ட போறேன். என் மூக்கு இல்லையா?"

"எத்தன நாளா அக்கா?"

"தீவாளிக்கு முன்னாடியிருந்து."

கிட்டத்தட்ட ஒரு மாதம். ஒரு மாதமாக, தண்ணீரில் நனைத்த கண்ணாடி மூடியை ஒவ்வொரு மூட்டுக்கும் காட்டி, அதே பொறுமையோடு, அதே வரிசையில், ஒன்றையும் விடாமல் காட்டிவிட்டு, அவர் என்னை அழைத்திருக்கிறார். புட்டியைக் கவிழ்த்துவிட்டு, இனி இது வேண்டாம் பாப்பா, உனக்கு ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன், குறைந்தது தள்ளியாவது நின்றிருப்பேன். அன்று அவர்மீது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கோபத்தோடு ஒரு பாசமும் இருந்தது. என் வாந்தியைப் பார்க்கப் பொறுக்காமல் செய்ததுதானே என்று நினைத்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், புட்டியை நிரப்பிவைத்துவிடலாம் என்றுகூட மனதில் முடிவு செய்துவிட்டேன்.

அன்று மதியமே துறைத்தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் மருத்துவமனைக்குப் போன செய்தி அவருக்கு வந்திருந்தது. கசிவு பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தோம், புகை வரவில்லை என்றேன். அவர் புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். திறந்து பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தார். யார் இதில் தண்ணீர் ஊற்றியது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா பேசினார்.

"மேடம்தான் சார் சொன்னாங்க. வாடை ஆகல, தண்ணி ஊத்தி வைங்கன்னாங்க. மாசமா இருக்காங்கல்ல. ஊத்தி வச்சேன்."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துறைத்தலைவரின் மேசையில் இருந்த கண்ணாடித் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புச் சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கையால் பொத்திப் பிடித்திருந்தார். அந்த மாதம்தான் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார் துறைத்தலைவர்.

இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்க வேண்டும். சிறுவயதிலிருந்தே, கேட்ட கேள்விக்கு நடந்தது நடந்தபடி பதில் சொல்லிப் பழகியவள் நான். "வாடை ஆகலன்னு சொன்னேன் சார்" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. வயிற்றில் குழந்தையோடு, யாரிடமும் சொல்லாமல், பாதுகாப்புச் சோதனையையும் நிறுத்திவிட்டு இந்த வாயுவோடு வேலை செய்திருக்கிறீர்கள் என்றார். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. உங்கள் நல்லதற்குத்தான் சொல்கிறேன், வீட்டுக்குப் போங்கள் என்றார். என் ஆய்வு இன்னொருவருக்குப் போனது. மீதி இருந்த சேர்மங்களை அவர்தான் தயாரித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா என் பின்னாலேயே படியிறங்கி வந்தார். சாவிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் நிற்கவில்லை. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை எனக்குள் ஓடியது ஒரே ஒரு சொல்தான். மேடம். இருவர் மட்டும் இருந்தபோது பாப்பா என்றவர், யாராவது வந்தால் மேடம் என்பார் என்பது எனக்குத் தெரிந்ததுதானே.

மகள் பிறந்த பத்தாம் நாள் அக்கா குரும்பகரத்துக்கு வந்தார். யாரோ வீடு கேட்பதும், என் மாமியார் வரவேற்பதும் உள்ளறையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. பால்சுறா கொண்டுவந்திருந்தார். காலையில் கரைக்கு வந்தது, குஞ்சு சுறா, பால் நல்லா ஊறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்தேன். அறை வாசல்வரை வந்து நின்றதை உணர்ந்தேன். எழுப்ப வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மாமியார் சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்து தட்டில் கொண்டுவந்தார். நான் தட்டை மூக்கருகே தூக்கி முகர்ந்து பார்த்தேன். நல்ல மீன்தான், பார்த்துத்தான் வாங்கினேன் என்று மாமியார் சிரித்தார். எனக்குப் பால் போதாமல் குழந்தை அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை. கடைசிப் பிடிவரை சாப்பிட்டேன். இரண்டு நாளில் பால் ஊறியது. சுறாவாலா, தானாகவா, யாருக்குத் தெரியும்.

மகளுக்கு இப்போது நான்கு வயது முடிந்துவிட்டது. மழைக்காலம் வந்தால் இளைப்பு வருகிறது. உறங்கும்போது அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். மெல்லிய விசில் போல ஒரு சத்தம். மருத்துவரிடம் அந்தக் கார்த்திகை மாதத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். எத்தனை வாரக் கரு, எவ்வளவு நேரம் முகர்ந்தேன், என்ன வாயு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்து, குழந்தைகளுக்கு இது சாதாரணம், அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள் என்றார். நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அவிழ்க்கவும் முடியவில்லை. ஒருநாள் அக்காதான் காரணம் என்று இருக்கும். மறுநாள், நான்கு சேர்மங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்த நான்தான் என்று இருக்கும். கசிந்த அந்த மூட்டு, அக்கா காட்டிவிட்டுப் போன பிறகுதான் தளர்ந்திருந்தால்? உண்மையான அம்மோனியாவும் அன்று புகை காட்டாமல்தானே இருந்திருக்கும்? அப்படியானால் இரண்டு பேர் மீதும் தவறில்லை. அப்படியும் சில நாட்கள் கழிகின்றன. ஆனால் துறைத்தலைவர் அறையில் நடந்ததைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டாவது எண்ணம் வந்ததில்லை.

போன வாரம் காரைக்கால் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மகள் என் கையைப் பிடித்திருந்தாள். மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தோம்; அவள் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து என் கைப்பைக்குள் இருந்தது. அக்கா மெலிந்திருந்தார். இடுப்பில் சாவி இல்லை. அடுத்த வருடமே ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள், இப்போது ஒரு துணிக்கடையில் இருக்கிறேன் என்றார். என்னைக் காப்பாற்றாமல் அவர் காப்பாற்றிய வேலை ஒரு வருடம்தான் இருந்திருக்கிறது. எனக்கு மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

அவர் குனிந்து மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று தன் உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்து, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"பாப்பாவுக்கு மூச்சு ஏதும் கஷ்டமில்லையே?"

யாரும் அவருக்குச் சொல்லியிருக்க வழியில்லை. அப்படியானால் இத்தனை வருடமும் அவரும் அந்த நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கைப்பைக்குள் என் விரல்கள் மருந்துக் குப்பியின் மேல் இருந்தன. அதை எடுத்து அவர் கையில் வைத்தால் போதும். நான்கு வருடம் நான் தேடிய வாய்ப்பு அது.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கா" என்றேன்.

அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு, கடை நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பேருந்து போலகம் சாலைக்குத் திரும்பும்வரை என் மகள், அந்த ஆயா யாரும்மா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமலா? அல்லது, என் குழந்தையைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இவருக்கு இல்லை என்பதாலா? பதில் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு இயல்பாக வாயில் வந்தது என்பதுதான் என்னை அலைக்கழிக்கிறது. அவருக்கும் அந்த மாதம் முழுதும் அப்படித்தான் வந்திருக்குமோ?

இன்று காலையும் செய்முறை வகுப்பு இருந்தது. மழை. சன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், விசில் இருந்தது. "ஒண்ணுமில்லதானேம்மா?" என்று அவள் கேட்டாள். கொஞ்சம் இருக்கிறது, மருந்து உறிஞ்சினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வகத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. பழுப்புப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோனேன். சுரீரென்று ஏறியது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன்.